கட்டை மேலே வரமாட்டேன் என்கிறதா?

ஐப்பசி பிறந்து நாலு மழை பெய்துவிட்டால் போதும், வீட்டில் எதெதெல்லாம் அடம் பிடிக்கும் என்று நமக்கு அத்துப்படி. கொல்லைக் கதவு நிலையோடு ஒட்டிக்கொள்ளும். மேஜை இழுப்பறை பாதியில் நிற்கும். தீக்குச்சி பற்றாது. எங்கள் ஜலகண்டாபுரத்தில் தறிக்காரர்கள் பாவு போட முடியாமல் வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த வரிசையில் ஆர்மோனியப் பெட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சகோதரிகளே. மாமியார் வாசித்ததோ, அப்பா பஜனைக்கு வாங்கியதோ, நம் கல்யாணத்துக்கு முன்னால் பாட்டு கற்றபோது வாங்கினதோ, இன்னமும் எத்தனையோ வீட்டில் பரண் மேலும் பூஜை அறை மூலையிலும் ஒரு பெட்டி இருக்கத்தான் இருக்கிறது. பிள்ளைக்குப் பாட்டுச் சொல்லித் தரலாம் என்று ஆசையாய் இறக்கி வைத்தால் நாலு கட்டை அழுத்தினால் இறங்குகிறது, மேலே வரமாட்டேன் என்கிறது. "பெட்டி போச்சு" என்று பழைய சாமான்காரரிடம் தள்ளிவிடுகிறோம். பத்தில் ஏழெட்டுப் பெட்டிக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்பது என் அனுபவம்.

நான் பள்ளிப் படிப்போடு நின்றவள். வாத்தியம் ரிப்பேர் பண்ணும் குடும்பமும் இல்லை. சேலத்தில் ஒரு பெரியவர் பெட்டி பழுது பார்ப்பார். பெட்டியைக் கொடுத்துவிட்டு நகராமல் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் இவ்வளவும். அவர் கோபக்காரர். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க மாட்டார்.

முதலில் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கட்டை என்பது நாம் பார்க்கிற அந்த வெள்ளைத் துண்டு மட்டும் இல்லை. உள்ளே நீளமாகப் போகிற ஒரு மரச் சட்டம். ஊஞ்சல் பலகை மாதிரி, முன் நுனியை அழுத்தினால் பின் நுனி தூக்கும். பின் பக்கத்துக்கு அடியில் மெத்தென்று தோலும் கம்பளித் துணியும் ஒட்டிய ஒரு மூடி இருக்கும். அந்த மூடி ஒரு துவாரத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. கட்டையை அழுத்தினால் துவாரம் திறக்கும், துருத்தியின் காற்று வெளியே ஓடி வரும், வரும் வழியில் பித்தளை ரீடை அதிர வைக்கும். அதுதான் சத்தம். விரலை எடுத்ததும் பின்னால் இருக்கிற கம்பி ஸ்பிரிங் கட்டையின் பின்பக்கத்தை அழுத்தி, துவாரத்தை மறுபடி மூடும். இவ்வளவுதான் சூட்சுமம்.

ஆகவே, கட்டை மேலே வரவில்லை என்றால் மூன்று இடத்தில்தான் தேட வேண்டும். பக்கத்துக் கட்டையோடு உரசுகிறதா, அது ஆடுகிற ஆணியில் பிடிக்கிறதா, அல்லது ஸ்பிரிங் சோர்ந்து போயிருக்கிறதா. கட்டை ஒழுங்காக மேலே வந்தும் சத்தம் மட்டும் "ஙீ" என்று நிற்காமல் அழுகிறதென்றால் அது வேறு: மூடிக்குக் கீழே தூசி, துரும்பு, அல்லது பூச்சி அரித்த தோல். கட்டையும் சரி, மூடியும் சரி, சத்தம் மட்டும் மெலிசாக, தாமதமாக வருகிறதா? அது ரீடில் தூசி. வியாதி தெரியாமல் வைத்தியம் பண்ணக்கூடாது. வயிற்று வலிக்கும் தலைவலிக்கும் ஒரே மாத்திரை போடுகிற கதையாகிவிடும்.

திறப்பதற்கு முன் ஒரு காரியம். உங்கள் பெட்டியில் கப்ளர் இருந்தால் அதை விலக்கி வையுங்கள். ஒரு கட்டையை அழுத்தினால் அதன் மேல் ஸ்தாயிக் கட்டையோ கீழ் ஸ்தாயிக் கட்டையோ தானே இறங்குமே, அந்த ஏற்பாடுதான் கப்ளர். அதன் கம்பி வளைந்து பிடித்துக்கொண்டாலும் கட்டை மக்கர் பண்ணும். அதை விலக்கியதும் நோய் போய்விட்டால் கட்டையைத் தொடவே வேண்டாம்.

அடுத்து, காற்று அடிக்காமல் கட்டைகளை ஒவ்வொன்றாக, மிக மெதுவாக அழுத்தி விடுங்கள். வேகமாக அடித்தால் சோம்பேறிக் கட்டைகூடத் துள்ளி வந்துவிடும், குற்றம் தெரியாது. மெதுவாக விட்டால்தான் எது பாதியில் நிற்கிறது என்று தெரியும். நிற்கிற கட்டைக்கு ஒரு சின்னப் பென்சில் புள்ளி வையுங்கள். பிறகு பழைய போஸ்ட் கார்டு ஒன்றை எடுத்து அந்தக் கட்டைக்கும் அடுத்ததற்கும் நடுவே செருகிப் பாருங்கள். சுலபமாகப் போய்வர வேண்டும். போகாமல் சிக்கினால் உரசல். அடுத்த கட்டையை விரலால் ஒரு பக்கமாய் ஒதுக்கிப் பிடித்ததும் இது சட்டென்று மேலே வந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

போஸ்ட் கார்டு தாராளமாகப் போகிறது, ஆனாலும் கட்டை சோம்பல் என்றால் மேல் பலகையைக் கழற்ற வேண்டும். அதற்கு முன்னால் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் திருகு எந்தத் துவாரத்தில் இருந்தது என்று அப்புறம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். புருவம் திருத்துகிற ட்வீசரால் அந்தக் கட்டையின் ஸ்பிரிங்கை மட்டும் மெல்லத் தூக்கிப் பிடித்து, கட்டையை ஆட்டிப் பாருங்கள். ஸ்பிரிங் இல்லாதபோது லகுவாய் ஆடினால் கட்டையில் குற்றமில்லை, ஸ்பிரிங்தான் சோர்ந்திருக்கிறது. அப்போதும் இறுக்கமாய் இருந்தால் ஆணி பிடிக்கிறது. சேலத்துப் பெரியவர் இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்தக் கட்டை மேலும் கை வைக்க மாட்டார்.

இனி வைத்தியம். கட்டை சிக்கியதும் நம்மவர்கள் கை தானாகப் போவது எண்ணெய்க் கிண்ணத்துக்குத்தான். தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், எதுவுமே கூடாது! இரும்புக்கு எண்ணெய் நல்லது. மரமும் தோலும் கம்பளியும் எண்ணெயைக் குடித்துவிடும். ஒரு வாரம் வழுக்கும், அப்புறம் தூசியைச் சேர்த்துக்கொண்டு பிசின் மாதிரி ஆகிவிடும். எண்ணெய் ஊறிய மூடித்தோலை மாற்றுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

மழைக்காலத்தில் சிக்குகிற கட்டைக்கு முதல் மருந்து காய்ச்சல்தான். அதாவது, உலர்த்துவது. வெயிலில் வைக்காதீர்கள். ஒட்டுகள் விட்டு, பலகை வெடித்துவிடும். ஈரமில்லாத அறையில், தரையில் அல்லாமல் மணை மேலோ பெஞ்சு மேலோ வைத்து, மேல் மூடியைத் திறந்து நாலைந்து நாள் விடுங்கள். மாத்திரை டப்பாவிலும் புதுச் செருப்புப் பெட்டியிலும் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் சேர்த்து வைத்திருந்தால் உள்ளே ஓரமாகப் போட்டு மூடி வைக்கலாம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். பாதிக் கட்டைகள் இதிலேயே எழுந்துவிடும். உப்புத்தாளை எடுத்துக்கொண்டு அவசரப்படாதீர்கள். மழையில் உப்பிய கட்டையைத் தேய்த்துவிட்டால் சித்திரை வெயிலில் அது சுருங்கி, ஆடின பல் மாதிரி லொடலொடவென்று ஆகிவிடும்.

உலர்ந்த பிறகும் உரசினால் கட்டையைக் கழற்றுங்கள். கழற்றுகிற ஒவ்வொரு கட்டைக்கும் இடமிருந்து வலமாக நம்பர் போட்டு விடுங்கள். ஒரே மாதிரி தெரியும், ஆனால் ஒன்று இன்னொன்றின் இடத்தில் உட்காராது. பக்கவாட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் உரசுகிற இடம் மட்டும் பளபளவென்று மின்னும். அந்த இடத்தை மட்டும், நைசான உப்புத்தாளால் நாலு இழுப்பு. வைத்துப் பாருங்கள். போதாவிட்டால் இன்னும் நாலு. பிறகு அதே இடத்தில் எழுதுகிற பென்சிலை நன்றாகத் தேய்த்துவிடுங்கள். பென்சில் முனையில் இருப்பது கிராஃபைட். வழவழப்பு, ஆனால் எண்ணெய் இல்லை, தூசியைப் பிடிக்காது. ஆணி பிடிக்கிற கட்டைக்கும் இதே பென்சில்தான். ஆணி துருப்பிடித்திருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து, உப்புத்தாளால் மினுக்கி, அதன் மேல் பென்சிலை உரசிவிடுங்கள்.

ஸ்பிரிங் சோர்ந்திருந்தால் ட்வீசரால் வளைவைச் சற்றே விரித்துவிட்டால் போதும். பக்கத்துக் கட்டையையும் இதையும் மாறி மாறி அழுத்திப் பார்த்து, இரண்டும் ஒரே கனமாக இருக்கும்படி செய்யுங்கள். அதிகம் இழுத்தால் கட்டை கல்லு மாதிரி ஆகிவிடும், குழந்தை விரலுக்கு வலிக்கும்.

சத்தம் நிற்காமல் அழுகிற கட்டைக்கு: மூடித்தோலையும் துவாரத்தின் விளிம்பையும் உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் துடையுங்கள். தோல் கெட்டியாகிப் போயிருந்தால் ஊசி நுனியால் லேசாகக் கிளறிவிட்டால் மெத்தென்று ஆகும். ரீடில் தூசி என்றால் பித்தளை நாக்கை ஆணி அடித்த பக்கத்திலிருந்து நுனிப் பக்கமாகவே பிரஷ் பண்ண வேண்டும். எதிர்ப் பக்கம் இழுத்தாலோ, நாக்கைத் தூக்கி வளைத்தாலோ சுருதி போய்விடும். தண்ணீர் படவே கூடாது.

இத்தனையும் நான் விழுந்து விழுந்து கற்றுக்கொள்ளக் காரணம் எங்கள் அத்தை. என் வீட்டுக்காரரின் அம்மா. எண்பதைத் தொடுகிற வயசு. சனிக்கிழமை பஜனையில் பெட்டி வாசித்துப் பாடுகிறவர். ஒரு காலத்தில் சுருதி ஐந்தரைக் கட்டை! இந்தக் "கட்டை"க் கணக்கே நம் பாட்டுக்காரர்களுக்கு ஆர்மோனியம் கொடுத்ததுதான். வெள்ளைக் கட்டைகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று முழு எண். நடுவில் வரும் கறுப்பெல்லாம் அரை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்பு கிடையாது, அதனால்தான் மூன்றரைக் கட்டை என்று யாருமே பாடுவதில்லை. ஏழரைக் கட்டையும் அப்படித்தான்! பாடத் தெரியாதவர்களை "ஏழரைக் கட்டை" என்று கேலி பேசுவது இதனால்தானோ என்னவோ.

அத்தை இரண்டு வருஷமாகச் சுருதியைக் குறைத்துக்கொண்டே வந்தார். ஐந்தரையிலிருந்து ஐந்து, அப்புறம் நாலரை. நாலரையில் கீழே இறங்கும்போது குரலே எழும்பாது. "தொண்டை போயிருச்சு கண்ணு, வயசாகலியா? இனி யாராச்சும் சின்னப் புள்ளைங்க பாடட்டும்" என்று ஒரு சனிக்கிழமை போகாமல் உட்கார்ந்துவிட்டார். அடுத்த சனிக்கிழமையும் போகவில்லை. சாப்பாடு குறைந்தது. பேச்சு குறைந்தது. வயசானவர்கள் வெளியே போவதை நிறுத்தினால் வீட்டுக்குள்ளேயே சீக்கிரம் ஒடுங்கிவிடுகிறார்கள், கவனித்திருக்கிறீர்களா? டாக்டரிடம் கூட்டிப் போனோம். தொண்டையில் ஒன்றுமில்லை என்றார்.

ஒருநாள் பெட்டியைத் துடைக்கிறபோது ஐந்தரைக் கட்டையை அழுத்தினேன். இறங்கியது, அப்படியே நின்றது. ஐந்தாம் கட்டையும் அதே. "ஏனுங்க அத்தை, இது எப்பருந்து இப்படி?" என்றேன். "அது ரொம்ப நாளாவே அப்படித்தான். நகத்தால நெம்பி விட்டுட்டு வாசிப்பேன். அது கஷ்டமா இருக்கவுந்தான் கீழ எறக்கிக்கிட்டேன்" என்றார் சாவகாசமாக. தொண்டைக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தோம் நாங்கள்! உள்ளூரில் ஒருவரை வரவழைத்தோம். பெட்டியைத் திறக்காமலே, ரீடு மொத்தமும் மாற்ற வேண்டும் என்று ஆயிரக்கணக்கில் சொன்னார். கட்டை எழும்பாததற்கும் ரீடுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு யாருக்குக் கேட்கத் தெரிந்தது? அதன் பிறகுதான் சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

கட்டையைக் கழற்றிப் பெரியவர் காட்டியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டு கட்டைக்கும் நடுவே சுண்ணாம்புக் காரை மாதிரி சந்தனம். மேலே குங்குமப் படிவு. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பஜனை மடத்தில் யாராவது பக்தியோடு கட்டை மேலேயே குழைத்த சந்தனம் வைத்திருக்கிறார்கள். ஈரச் சந்தனம் இடுக்கில் இறங்கி, காய்ந்து, அடுத்த வருஷம் அதன் மேல் இன்னொரு பூச்சு. எங்கள் பெட்டிக்கு மட்டும் வந்த நோய் இல்லையாம் இது. கொலு முடிந்த மாதத்தில் இந்தக் கேஸ்தான் நிறைய வரும் என்றார் பெரியவர். உலர்ந்த பல் துலக்கும் பிரஷ்ஷாலும் மூங்கில் குச்சியாலும் சுரண்டி எடுத்தார். ஈரத்துணி போடவே இல்லை. ஆகவே சகோதரிகளே, சந்தனம் குங்குமம் வையுங்கள், ஆனால் பெட்டியின் பக்கப் பலகையில் வையுங்கள். கட்டை மேல் ஒரு வெள்ளைத் துணி விரித்துவிட்டு, பூவை அதன் மேல் போடுங்கள்.

அத்தை ஐந்தரைக்குத் திரும்பவில்லை. அது வயசுதான். ஐந்தில் பாடுகிறார், சனிக்கிழமை தவறாமல்.

ஆர்மோனியம் பிரான்ஸில் பிறந்தது. 1842-இல் பாரிஸில் தெபேன் என்பவர் அந்தப் பெயரில் உரிமை பதிந்துகொண்டார். காலால் மிதித்து வாசிக்கிற அந்தப் பெரிய மேஜையை, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போடுகிற பெட்டியாக ஆக்கியது கல்கத்தாக்காரர்கள். துவாரகநாத் கோஷ் என்பவர் பெயர் அதில் முக்கியமாகச் சொல்லப்படுகிறது. நம் நாடக மேடைக்கு இது இல்லாமல் முடியாது என்று இருந்தது. கிட்டப்பாவின் பாட்டுக்கு அவர் அண்ணா காசி அய்யரின் ஆர்மோனியம்தான் துணை. நாடக ஆசிரியர் ஜலகண்டபுரம் ப. கண்ணனைத் தந்த ஊர் எங்களுடையது, அதனால் நாடகம் என்றால் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. இத்தனை செல்வாக்கு இருந்தும், கமகம் பேசாத வாத்தியம் என்று சொல்லி 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி இதை உள்ளே விடவில்லை. வானொலி விடாவிட்டால் என்ன, வீடுகள் விட்டன.

நாங்கள் பியானோ வைத்திருக்கிறோம், அதற்கும் இதேதானா என்று கேட்கிற சகோதரிகளும் இருப்பீர்கள். சுவரோரம் நிற்கிற பியானோவுக்கும் தொடக்கம் இதேதான்: மெதுவாக அழுத்திப் பார்ப்பது, இரண்டு கட்டைக்கும் நடுவே நாணயமோ ஹேர்பின்னோ விழுந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது, மழைக்காலமானால் அறையை உலர வைப்பது. மேல் பலகையைத் திறந்தால் கட்டையின் பின் நுனி மேல் உட்கார்ந்திருக்கிற மரப் பொறி தெரியும். அதை விரலால் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு கட்டையை ஆட்டுங்கள். கட்டை இறுக்கமாக இருந்தால் குற்றம் கட்டையில். ஆணியைச் சுற்றி ஒட்டியிருக்கிற கம்பளித் துணி ஈரத்தில் உப்பியிருக்கும். கட்டை லகுவாக ஆடி, கம்பியை அடிக்கிற சுத்தியல் மட்டும் சோம்பலாய்த் திரும்பினால் குற்றம் பொறியில். அது நம் கைக்கு மீறினது, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். பியானோவுக்குள் 200-க்கும் மேல் கம்பிகள், எல்லாம் சேர்ந்து பல டன் இழுப்பில் நிற்கின்றன. விளையாட்டில்லை. சென்னை அண்ணா சாலையில் இருக்கிற மியூஸி மியூசிகல் கடை ஆரம்பித்த வருஷமும் 1842-தான் என்பது ஒரு வேடிக்கை!

கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களுக்கு ஒரு விஷயம் அவசியம் சொல்ல வேண்டும். கம்பளித் துணியைப் பூச்சி அரிக்காமலிருக்கப் பலர் பெட்டிக்குள் நாப்தலின் உருண்டை போடுகிறார்கள். வேண்டாம். குழந்தை அதை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்து ஒன்று. அதன் நெடிகூட, ஜி6பிடி என்கிற என்சைம் குறைவோடு பிறந்த குழந்தைக்கு ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். குறைவு இருப்பது பல சமயம் நமக்குத் தெரிந்திருக்காது. பீரோவில் பாப்பா துணியோடு போட்டு வைப்பதும் இதே காரணத்தால் தப்பு. பூச்சிக்குப் பிடிக்காதது வெளிச்சமும் நடமாட்டமும். வாரம் இரண்டு தடவை திறந்து வாசித்தால் அது அங்கே குடித்தனம் வைக்காது.

பரணிலிருந்து இறக்கிய பெட்டிக்குள் எலிப் புழுக்கை இருந்தால் ஊதித் தள்ளாதீர்கள். மூக்கைக் கட்டிக்கொண்டு, கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டி, டெட்டால் கலந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த காகிதத்தால் ஒற்றி எடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ரீடு பக்கம் அந்தக் காகிதம் போக வேண்டாம். அதேபோல, மிகப் பழைய பெட்டிகளின் வெள்ளைக் கட்டை மேல் ஒட்டியிருப்பது செல்லுலாய்டாக இருக்கலாம். அது சட்டென்று தீப்பற்றும். விளக்கையோ கற்பூரத் தட்டையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்க்காதீர்கள். கரண்ட் போனால் டார்ச்.

கட்டை வெடித்திருந்தாலோ, துருத்தி கிழிந்திருந்தாலோ, ரீடு உடைந்திருந்தாலோ கடையில்தான் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது "சரியா வாசிக்கல" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். எந்தக் கட்டை, அழுத்தினால் நிற்கிறதா, சத்தம் அழுகிறதா, ஸ்பிரிங்கைத் தூக்கினால் ஆடுகிறதா என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பெட்டி மேல் ஒட்டிக் கொடுங்கள். அதைப் படித்ததும் எதிரில் இருப்பவர் கேட்கிற கூலியே வேறாக இருக்கும்.